‘கமிஷன் இல்லை’ என்றால் காசு எங்கே போகிறது?

விடுமுறைக் காலம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் மாற்றுவது பற்றித்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் முதல் முறையாக தாய்லாந்து போகிறோம். டிராவல்ஸ்காரர் டாலராக வாங்கிப் போகச் சொல்கிறார். மச்சான் கார்டு போதும் என்கிறார். ஏர்போர்ட்டிலேயே கமிஷன் இல்லாமல் மாற்றித் தருகிறார்கள் என்று இன்னொருவர். எது மலிவு? – கோவை வாசகர்

முதலில் அந்த ஏர்போர்ட் யோசனையை விட்டுவிடுங்கள். ‘கமிஷன் இல்லை’ என்று போர்டு வைத்தவர் யாரும் இலவசமாக மாற்றித் தருவதில்லை, அவர் லாபம் ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது. சந்தையில் ஒரு டாலர் 89 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் 94 ரூபாய் சொன்னால் அந்த 5 ரூபாய்தான் கமிஷன், ஆயிரம் டாலருக்கு 5,000 ரூபாய். கூகுளில் தெரியும் ரேட் வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது, அது நமக்குக் கிடைக்காது. ஆனால் நமக்குச் சொல்லும் ரேட் அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஜிஎஸ்டியைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், 25,000 ரூபாய் வரை மாற்றினால் 45 ரூபாய், ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், அவ்வளவுதான்.

அடுத்து, தாய்லாந்துப் பணமான பாட்டாகவே இங்கே வாங்குவதா, டாலர் வாங்கி அங்கே மாற்றுவதா? இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம் என்று தோன்றும். ஆனால் நம் ஊரில் டாலர் நிறையக் கைமாறுகிறது, பாட் அப்படி இல்லை, அதனால் பாட்டுக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரும்பாலும் அதிகம். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, கோவையில் 100 டாலர் நோட்டுக்கு எல்லாம் சேர்த்து 8,900 ரூபாய் கேட்கிறார்கள், பாங்காக்கில் அதே நோட்டுக்கு 3,200 பாட் தருகிறார்கள் என்றால் ஒரு பாட் உங்களுக்கு 2.78 ரூபாய் விழுகிறது. அதே கோவைக் கடையில் நேரடியாக பாட் 2.95 ரூபாய் என்றால், 40,000 பாட்டுக்கு வித்தியாசம் சுமார் 6,800 ரூபாய். பாங்காக் பணமாற்றுக் கடைகள் அன்றன்றைய ரேட்டை இணையதளத்தில் போட்டுவிடுகின்றன, வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

டாலர் வாங்கினால் 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள், சில்லறை நோட்டுகளுக்கு அங்கே ரேட் குறைவு. கிழிசல், பேனாக் கிறுக்கல் இருக்கும் நோட்டை இங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அங்கே வாங்க மாட்டார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்தவுடன் கண்ணில் படும் வங்கிக் கவுண்டர்களில் மாற்ற வேண்டாம். அடித்தளத்தில், நகர ரயில் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சூப்பர்ரிச் போன்ற கடைகளில் கிட்டத்தட்ட நகர ரேட்டே கிடைக்கும், பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருங்கள்.

மச்சான் சொல்வதும் பாதி சரி. ஹோட்டல், மால், பெரிய உணவகம் எல்லாவற்றுக்கும் கார்டு கொடுக்கலாம், அது எந்தக் கார்டு என்பதுதான் விஷயம். நம் ஊர் சாதாரண கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப், அதாவது ரேட்டுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். ஒரு லட்சம் செலவழித்தால் 4,130 ரூபாய் சும்மா போகிறது. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும், 2 சதவீதத்துக்குள் வாங்கும் கார்டுகளும் உண்டு, அப்படி ஒன்று கையில் இருந்தால் கடைச் செலவுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, ஏனென்றால் விசா, மாஸ்டர்கார்டு போடும் ரேட் சந்தை ரேட்டுக்கு மிக அருகில் இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்ய மறக்காதீர்கள். 2020 முதல் புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன.

சாலையோரச் சாப்பாடு, படகு, டுக்டுக், சந்தை, இதற்கெல்லாம் ரொக்கம் வேண்டும். ரொக்கத்துக்காக அங்கே ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டுக் கார்டைச் செருகினால் தாய் வங்கிகள் ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கின்றன. 2,000 பாட் எடுத்தால் 11 சதவீதம் அங்கேயே போயிற்று. 20,000 பாட்டாக எடுத்தால் அதே கட்டணம் 1 சதவீதம் சொச்சம். இது தவிர உங்கள் வங்கியின் கட்டணம், மார்க்கப் எல்லாம் தனி. அவசரத்துக்கு எடுத்தால் ஒரே முறையில் பெரிதாக எடுத்துவிடுங்கள், அதுவும் டெபிட் கார்டில். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் விழும்.

கேள்வி: சிங்கப்பூரில் கடையில் கார்டு கொடுத்தபோது மெஷினில் ரூபாயிலும் தொகை காட்டியது, சிங்கப்பூர் டாலரிலும் காட்டியது. ரூபாய் என்றால் நமக்குக் கணக்குப் புரியுமே என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். சரிதானே? – மதுரை வாசகி

இல்லை அம்மா, அடுத்த முறை சிங்கப்பூர் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால், மாற்றும் வேலையை உங்கள் கார்டு நிறுவனத்திடமிருந்து பிடுங்கி, அந்தக் கடையின் மெஷினை நடத்துகிறவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் தன் விருப்பத்துக்கு ஒரு ரேட் போடுவார், சந்தை ரேட்டைவிடப் பல சதவீதம் கூடுதலாக, அதில் ஒரு பங்கு கடைக்கும் போகலாம். இது போதாதென்று, வெளிநாட்டில் நடந்த பரிவர்த்தனை என்பதால் ரூபாயில் கட்டினாலும் நம் வங்கிகள் பல அதற்கும் தனிக் கட்டணம் போடுகின்றன. மார்க்கப் இல்லாத கார்டைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள்கூட இந்த ஒரு பட்டனில் அத்தனை லாபத்தையும் தொலைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சில கடைகளில் உங்களைக் கேட்காமலே ஊழியர் ரூபாயை அழுத்திவிடுவார். பில்லில் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்று இருந்தால் கையெழுத்துப் போடாமல், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். ‘இந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா’ என்று கேட்டு, மறுத்தால் பணமே வராது என்பது போலப் பயமுறுத்தும். தைரியமாக மறுங்கள். பணம் வரும், உங்கள் வங்கி ரேட்டில் வரும்.

இன்னொன்று, சிங்கப்பூர் ரயிலிலும் பஸ்ஸிலும் நம் ஊர் கார்டையே தட்டிப் போகலாம் என்பது வசதிதான், ஆனால் வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். இரண்டு நாள் என்றால் விட்டுவிடலாம், மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போகிறவர்கள் அங்கேயே ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான ஈஸி லிங்க் கார்டு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ரொக்கத்துக்கு, செராங்கூன் ரோட்டில் இரண்டு மூன்று கடை ரேட்டை விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறான். ஃபாரெக்ஸ் கார்டில் ஒரு வருடச் செலவையும் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். போடலாமா? – வேலூர் வாசகர்

வேண்டாம். விசாவுக்காக எப்படியும் பிளாக்டு அக்கவுண்ட் (ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) திறக்கிறீர்கள், 2024 செப்டம்பர் முதல் அதில் 11,904 யூரோ காட்ட வேண்டும், அங்கே போனதும் மாதம் 992 யூரோ அவன் ஜெர்மன் வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்குத் திறந்தபின் அதோடு வரும் கார்டில் யூரோவில் செலவழிக்க மார்க்கப்பே கிடையாது. ஆகவே ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு, முதல் சில வாரங்களுக்கு மட்டும்தான், முன்பணம், பயண அட்டை, சாப்பாடு இவற்றுக்குப் போதுமான அளவு போடுங்கள்.

ஃபாரெக்ஸ் கார்டை நான் குறை சொல்லவில்லை. போடும் நாளின் ரேட் அப்படியே நிற்கும், சேமிப்புக் கணக்கோடு ஒட்டாததால் தொலைந்தாலும் அடி சின்னது. ஆனால் ‘மார்க்கப் ஜீரோ’ என்று விற்கும்போது, பணம் ஏற்றும் ரேட்டிலேயே லாபம் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இரண்டு மூன்று இடத்தில் ஒரே நாளில், ஆயிரம் யூரோவுக்கு எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், பேரம் பேசுங்கள், நிச்சயம் குறைப்பார்கள். யூரோ மட்டும் ஏற்றிய கார்டை சுவிட்சர்லாந்தில் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனியாக விழும். மிச்சத்தைத் திரும்ப ரூபாயாக்கும்போது ரேட் இன்னும் குறையும்.

கொஞ்சம் ரொக்கமும் கொடுத்தனுப்புங்கள், ஜெர்மனியில் சின்ன பேக்கரிகள் இன்னும் ரொக்கம் கேட்பதுண்டு. ஏடிஎம் தேவைப்பட்டால் ஷ்பார்காசே போன்ற வங்கிக் கிளையில் இருப்பதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், சுற்றுலா இடங்களில் வங்கிப் பெயரே இல்லாமல் நிற்கும் மெஷின்கள் வேண்டாம்.

கேள்வி: இலங்கையில் யுபிஐ ஓடுமாமே, ரொக்கமே வேண்டாமா? – திருச்சி வாசகர்

ஓடும். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் தொடங்கினார்கள், கடையில் லங்கா க்யூஆர் ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்து பாருங்கள். செயலியில் வெளிநாட்டு யுபிஐயைத் தனியாக ஆன் செய்ய வேண்டும், அங்கே போனில் இணையமும் வேண்டும். கட்டும் முன் திரையில் தெரியும் இந்திய ரூபாய்த் தொகையைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள், மாற்றுக் கட்டணமும் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லூர் கோயில் வாசலில் பூ வாங்கவும், ஆட்டோவுக்கும், சின்னச் சாப்பாட்டுக் கடைக்கும் ரொக்கம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையாக இருக்கும் வங்கிக் கவுண்டர்களில் ரேட் மோசமில்லை, ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மிச்ச இலங்கை ரூபாயைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர், ‘இங்கே ரூபாய் கொடுங்கள், மலேசியாவில் என் ஆள் ரிங்கிட் கொடுப்பார், வங்கியைவிட நல்ல ரேட்’ என்கிறார். போகலாமா? – ராமநாதபுரம் வாசகர்

போகவே போகாதீர்கள் ஐயா. அது உண்டியல், அதாவது ஹவாலா. அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம், கொடுத்தவரும் மாட்டுவார். அந்த ஆள் வரவில்லை என்றால் எந்த போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற கடையில் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் காட்டி பில்லோடு வாங்குங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். பொதுவாக ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துப் போகலாம், நம் ரூபாய் நோட்டு 25,000 வரை. ஃபாரெக்ஸ் கார்டு, ரொக்கம், பணம் அனுப்பியது எல்லாம் சேர்த்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் தாண்டாதவரை டிசிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே வசூலிக்கும் தொகை) பிடித்தமும் இல்லை. டூர் பேக்கேஜுக்கு மட்டும் விதி வேறு.

கேள்வி: மிஞ்சிய வெளிநாட்டுப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா? – சென்னை வாசகி

2,000 டாலர் மதிப்பு வரை நோட்டை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் மாற்றியாக வேண்டும். அடுத்த வருடம் மறுபடி போவீர்கள் என்றால் வைத்திருப்பதே லாபம், விற்று வாங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம். நாணயங்களை இங்கே யாரும் மாற்றித் தருவதில்லை, அதனால் கடைசி நாள் தண்ணீர் பாட்டில், பஸ் டிக்கெட் என்று முதலில் அவற்றைத் தீர்த்துவிட்டு, போதாததற்கு மட்டும் கார்டை எடுங்கள்.