பல் மருத்துவ மாணவர்களின் மன அழுத்தம்: கேள்வி பதில்

பல் மருத்துவக் கல்லூரியில் 19 ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். பி.டி.எஸ். படிப்பின் மன அழுத்தம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (முதலாண்டு மாணவி): மெழுகில் பல் செதுக்குவதில் வகுப்பிலேயே நான்தான் கடைசி. கை வராதவள் இந்தப் படிப்பைத் தொடரலாமா?

பதில்: தாராளமாகத் தொடரலாம். இது கையைவிடக் கண்ணுக்கான பயிற்சி. பின்தங்குபவர்களில் பலர், மெழுகுக் கட்டியின் வெளிவடிவம் அமைவதற்கு முன்பே மேற்பரப்பின் பள்ளங்களைக் குடையத் தொடங்கிவிடுகிறார்கள். உயர அகலங்களை அளந்து குறித்து, கன்னப்பக்க வடிவத்தை முதலிலும் பக்கவாட்டு வடிவத்தை அடுத்தும் வெட்டிவிட்டு, மெல்லும் பரப்பைக் கடைசியில் தொடுங்கள்.

கேள்வி (இறுதியாண்டு மாணவர்): என் பல்செட் நோயாளி நான்கு முறை வந்துவிட்டு இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. கோட்டா (தேர்வுக்கு முன் நாங்கள் செய்து முடித்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை) முடியாமல் தூக்கமே வருவதில்லை.

பதில்: முழுப் பல்செட்டுக்கு முதல் அளவு, இறுதி அளவு, தாடைப் பொருத்தப் பதிவு, மெழுகில் பல் அடுக்கிப் பார்த்தல், பொருத்துதல் என்று நோயாளி ஐந்து முறையாவது வர வேண்டும். வருபவரோ பெரும்பாலும் எழுபதைத் தொட்ட பெரியவர். அழைத்து வரும் மகனுக்கு விடுப்புக் கிடைக்காத அன்று உங்களுக்குக் கையெழுத்தும் கிடைக்காது. இறுதியாண்டின் எட்டுப் பாடங்களுக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு இருக்கும்போது, தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டியிருப்பதுதான் இந்த ஆண்டின் உண்மையான சுமை என்பேன். தம் பணத்தில் நோயாளிக்குப் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் கொடுக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திறமையை அளப்பது தவறு என்று துறைக் கூட்டங்களில் நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அது மாறும்வரை, ஒரே நோயாளியை நம்பி இருக்காமல் இருவரைத் தொடங்குங்கள். முதல் நாளிலேயே ஐந்து தேதிகளையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அழைத்து வருபவரின் எண்ணையும் வாங்குங்கள். வராத நாட்களைக் கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளில்) குறித்து, பருவம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பேராசிரியரிடம் காட்டுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் அதே உண்மை சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

கேள்வி (மூன்றாமாண்டு மாணவி): கீழ்த்தாடைக்குப் போட்ட மரப்பு ஊசி பலிக்கவில்லை. நோயாளியின் முன்னிலையிலேயே ஆசிரியர் திட்டினார். அன்றிலிருந்து சிரிஞ்சைத் தொட்டாலே குமட்டுகிறது.

பதில்: அந்த ஊசி அனுபவசாலிகளுக்கும் சில நேரம் பலிக்காமல் போகும், நரம்பு செல்லும் இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறும். மாணவப் பருவத்தில் என் கேஸ் ஷீட்டை ஓர் ஆசிரியர் தரையில் எறிந்தார். குனிந்து அதைப் பொறுக்கும்போது நாற்காலியிலிருந்த அம்மா, "பரவாயில்லப்பா, மறுபடி போடு" என்றார். நோயாளிக்கு இருந்த பொறுமை ஆசிரியருக்கு இல்லை. அடுத்த முறை முதுநிலை மாணவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். கீழுதடு மரத்துவிட்டதா என்று நோயாளியிடம் கேட்டு உறுதி செய்யும்வரை பல்லைத் தொடாதீர்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): கழுத்துவலியும் மன அழுத்தத்தால் வருவதா?

பதில்: ஓரளவுக்கு. ஆனால் மேற்பல்லைச் சிறு வாய்க்கண்ணாடியில் பார்க்காமல் குனிந்து எட்டிப் பார்ப்பதே முதல் காரணம். நோயாளியை நன்றாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் இதில் சேர்ந்த மகன், படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

பதில்: செலவழித்த பணத்தையும் ஊராரின் பேச்சையும் இப்போது எடுக்காதீர்கள் ஐயா. விடுதிக்கு நேரில் சென்று ஒரு வேளை அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு வாரமாக இதே நிலை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி ஒரு சொல் பேசினாலும் அவனைத் தனியே விடாமல், அன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். அது இலவசம், எந்த நேரமும் பேசலாம். விடுவதா தொடர்வதா என்பதை அவன் நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.