ஐநூறு ரூபாய்க்கு ஐகோர்ட்டா?

கேள்வி: ஈரோடு கடைவீதியில் பைக்கை நிறுத்தியதற்கு ‘நோ பார்க்கிங்’ என்று 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். போர்டை ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது. கட்டமாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனேன், தோற்றேன். அப்பீலும் தள்ளுபடி. ஹைகோர்ட் போகட்டுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டாமுங்க. இதுவரை எவ்வளவு செலவாச்சு என்று நான்கு பக்கக் கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. அதிலேயே தெரிகிறது. வக்கீல் ஃபீஸை விடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோபியிலிருந்து பஸ் ஏறி, காலையிலிருந்து வராந்தாவில் நின்று, மத்தியானம் பேர் கூப்பிட்டதும் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் அடுத்த மாதம் ஒரு தேதி. அன்றைக்குத் தோட்டத்தில் தண்ணி கட்டியவருக்குக் கூலி தனி. நாளைக்கே ஜெயித்தாலும் மிச்சமாவது அந்த 500 மட்டும்தான். வக்கீலுக்குக் கொடுத்ததை அரசாங்கம் தராது.

ரோசக்காரர்கள் நம் பக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், 30 மைல் வேக எல்லையில் 35 மைலில் போனதாக விதித்த 100 பவுண்டு அபராதத்தை எதிர்த்து ஏறக்குறைய மூன்று வருடம் போராடினார். 2019-ல் அப்பீலிலும் தோற்றபோது சுமார் 30,000 பவுண்டு போயிருந்தது. பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பணம். அவராவது கேமரா பிசகியிருக்கலாம் என்று சொல்ல ஒரு நிபுணரைக் கூட்டி வந்தார். உங்களிடம் இருப்பது ஒரு போட்டோ. ஃபிளெக்ஸில் குழந்தையின் தாய்மாமன் வரை தெளிவாகத் தெரிகிறார். எடுத்த தேதி தெரியவில்லை.

முதல் தடவை கோர்ட்டுக்குப் போனது நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னாடியே 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த இடத்தை நோ பார்க்கிங் என்று அறிவித்த உத்தரவின் நகலைக் கேட்டிருக்க வேண்டும். இனி ஹைகோர்ட்டில் புதுசாகச் சாட்சி விசாரிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கீழ்க்கோர்ட்டில் ஏற்கெனவே கட்டிவைத்த கேஸ் கட்டைத்தான் புரட்டுவார்கள். அதில் நீங்கள் சேர்க்காதது அங்கேயும் இருக்காது.

500-ஐக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். (இனி நிறுத்தும்போது பார்த்து. இதே குற்றத்துக்கு மறுதடவை 1,500.) ஃபிளெக்ஸ் மேல்தான் கோபம் என்றால், அந்தக் காதுகுத்து வீட்டார் உங்கள் பங்காளியாக இல்லாத பட்சத்தில், திங்கட்கிழமை ஈரோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் போட்டோவோடு ஒரு மனு கொடுங்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை.