உடலை அசைக்க ஆசை இருந்தும் பலரால் ஏன் தொடர முடிவதில்லை?

உடலியக்க ஆர்வம் என்பது, இப்போது அசைவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அசைய வேண்டும் என்ற விருப்பம். அது எல்லாத் தரப்பிலும் உண்டு. தடைதான் ஆளுக்கு ஆள் வேறு. செட்டிநாட்டு ஊருணி மாதிரி: மழை பெய்தாலும் நீர் வரும் வரத்துக்கால் அடைத்திருந்தால் நிறையாது.

காரைக்குடிக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு நேரமில்லை. வீட்டுப் பெண்களுக்குக் காலை அடுப்படி, தனியாகப் போகும் கூச்சம் வேறு. இருவராக ஊருணிக்கரையைச் சுற்றினால் பாதித் தயக்கம் போய்விடும். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் போதும்.

முதியவர்களுக்கு விழுந்துவிடுவோமோ என்ற பயம். வீட்டார் இதைச் சோம்பல் என்று நினைப்பதுதான் வருத்தம். எடுத்தவுடன் நடக்கச் சொல்லாதீர்கள். வளவுத் தூணை (வீட்டின் உள்முற்றத்துத் தூணை) பிடித்தபடி ஒற்றைக்காலில் 10 நொடி, கால் மாற்றி 5 முறை. பிறகு நாற்காலியிலிருந்து 8 முறை எழுந்து உட்காரட்டும். வாரம் 3 நாள். ஆத்தங்குடிக் கல் தரை வழவழப்பு. ஈரம் இருந்தாலோ சாக்ஸ் போட்டாலோ வழுக்கும். தலைசுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

ஒரே மூச்சில் 30 நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்பது தவறு: குறைந்தது 10 நிமிடமாவது தொடர வேண்டும் என்ற பழைய நிபந்தனையையே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டுவிட்டது, வயது வந்தவர்களுக்கு அது பரிந்துரைக்கும் வாரம் 150 நிமிட மிதமான உடலியக்கத்தைத் துண்டுதுண்டாகவும் சேர்க்கலாம்.