லீட் டைம்: தேங்கிய சரக்கையும் கணக்கில் சேருங்கள்

சைக்கிள் டைம்களை (ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு துண்டுக்கு ஆகும் வேலை நேரம்) கூட்டினால் 6 நிமிடம்தான் வருகிறது, ஆனால் லீட் டைம், அதாவது சரக்கு உள்ளே வந்து வெளியே போக ஆகும் மொத்த நேரம், மூன்று வாரம் ஆகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டல் சரிதான், ஆனால் அது வேலை நடக்கும் நேரம் மட்டும். மீதி நாட்கள் சரக்கு வேலை நிலையங்களுக்கு நடுவே தேங்கிக் கிடக்கிறது. தளத்தில் நடந்துபோய் ஒவ்வொரு தேக்கத்தையும் நீங்களே எண்ணுங்கள். கணினி காட்டும் இருப்பை நம்பாதீர்கள். நீங்கள் எண்ணியதை வாடிக்கையாளரின் தினசரித் தேவையால் வகுக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் 2,400 துண்டு, தேவை தினமும் 400 பொருள் என்றால் அங்கேயே 6 நாள். ஒரு பொருளுக்கு இரண்டு துண்டு போகுமானால் 3 நாள். இயந்திர வேகத்தால் வகுத்துவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். அப்புறம், இந்த நாட்களைக் கூட்டும்போது, இரண்டு பாதைகள் அசெம்பிளியில் (பாகங்களைப் பொருத்தும் இடத்தில்) சேர்ந்தால் அதிக நாள் ஆகும் பாதையை மட்டும் எடுங்கள்.