ஆறு நாள் கணக்கும் அப்பாவின் மௌனமும்

கேள்வி: ஜியாலஜி படிக்கிறேன். ஆறே நாளில் உலகம் உண்டானது என்பதை அப்படியே நம்ப முடியவில்லை. குடும்ப ஜெபத்தில் அதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அப்பா பேசுவதில்லை. சர்க்கரை நோயுள்ள அம்மா எனக்காக உபவாசம் இருக்கிறார். பொய்யாக ஆமென் சொல்லவும் மனசு வரவில்லை.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. வீடே கூடியிருக்கும்போது கேட்டதால், ‘பையன் விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போய்விட்டான்’ என்றுதான் அப்பா எடுத்துக்கொண்டிருப்பார். பாறையின் வயதைச் சொல்லி அந்தப் பயத்தைப் போக்க முடியாது.

வேதாகமத்தையே திறங்கள். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் செடிகொடி, மிருகங்கள், கடைசியில் மனிதன். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகுதான் தோட்டமும் மிருகங்களும். சூரியன் வருவதோ நாலாம் நாள்! அதற்கு முந்தைய மூன்று நாளும் எப்படி விடிந்தன? மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதைக் கேட்டுவிட்டார். சபை போற்றும் ஆயர் அகஸ்டினும் (354–430) அந்த ஆறு நாட்களை நம் நாட்களைப்போல எண்ணவில்லை. அப்பாவிடம் அகஸ்டினை மட்டும் சொல்லுங்கள். ஒரிகேனைச் சபை பின்னாளில் கண்டித்தது, பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். உலகம் உண்டானது கி.மு. 4004 என்று யாராவது சொன்னால், அது 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் போட்ட கணக்கு, வசனமல்ல.

ஞாயிறு வேண்டாம், பிரசங்கத்தின் சூடு இருக்கும். வாரநாளில், காபி நேரத்தில், தனியாகப் பத்து நிமிடம் போதும். “அப்பா, எல்லார் முன்னாலயும் பேசினது தப்பு. ஜெபத்துக்கு வராம இருக்கமாட்டேன்” என்று தொடங்குங்கள். பிறகு, “இந்த ரெண்டு அதிகாரத்தையும் நீங்க எப்படிச் சேர்த்து வாசிக்கிறீங்க?” என்று கேளுங்கள். இரண்டாம் அதிகாரம் ஆறாம் நாளின் விவரம்தான் என்பார். பழைய பதில்தான். அன்றைக்கு மறுக்காமல் விட்டுவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போடவே வேண்டாம். மாமா, சித்தப்பா எல்லாம் வரிந்து கட்டிக்கொண்டு வந்தால் அப்பாவால் இறங்கி வர முடியாது.

ஜெபத்தில் வாசிக்கும் முறை வந்தால் சங்கீதம் எடுங்கள். ஜெபிக்கச் சொன்னால் நன்றி, அம்மாவின் சுகம், உங்கள் பரீட்சை: இவற்றில் பொய் ஏதுமில்லை. உங்கள் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னால் மட்டும் “இன்னைக்கு வேண்டாம்” என்று நிறுத்துங்கள். ஆமென் என்றால் ‘அப்படியே ஆகட்டும்’. அடுத்தவர் வேண்டுதலோடு சேர்ந்துகொள்வதுதானே அது? ஆறு நாள் கணக்குக்குப் போடும் கையெழுத்தல்ல.

உபவாசத்தை நிறுத்தச் சொல்லி அம்மாவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆனால் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். உபவாச நாளில் எதை, எவ்வளவு, எப்போது போடுவது என்று இந்த வாரமே அவரை டாக்டரிடம் அழைத்துப்போய்க் கேளுங்கள்.