ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் மகனைச் சேர்த்தால் உண்மையிலேயே நன்மை உண்டா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். பையன் எட்டாவது முடிக்கிறான், இதுவரை இருபாலர் பள்ளி, டவுனில் ஒரு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது, "கவனம் சிதறாமல் படிப்பான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்". அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. அதே வரியைச் சொல்லித்தான் 1991 ஜூனில் என் அப்பா என்னைக் கொண்டுபோய் ஒரு பாய்ஸ் ஸ்கூலில் சேர்த்தார்.

உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. பையனின் போனில் ஏதோ ஒரு பெண் பிள்ளையின் பெயர் அடிக்கடி வந்திருக்கும். நீங்கள் பயந்திருப்பீர்கள். அல்லது உங்கள் மனைவி பயந்திருப்பார். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள், ஆனால் இந்தக் கேள்வி வேறு காரணத்துக்காகக் கேட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் என்றால் சேர்க்க வேண்டாம். கவனமெல்லாம் அங்கேயும் நன்றாகவே சிதறும். எங்கள் பள்ளி விடுவது 4:20. இரண்டு தெரு தள்ளி இருந்த பெண்கள் பள்ளி விடுவது 4:10. அந்தப் பத்து நிமிட வித்தியாசத்தைப் பற்றிக் கடைசி பீரியட் முழுக்க ஐம்பது பேர் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். புவியியல் வாத்தியார் பருவக்காற்று நடத்திக்கொண்டிருப்பார், ஒருவன் காதிலும் ஏறாது. எட்டாவது வரை பக்கத்து பெஞ்சில் சாதாரணமாக உட்கார்ந்து ரப்பர் கடன் கேட்ட பெண்கள், ஒன்பதாவதில் திடீரென்று ஊர்வலத்தில் வரும் உற்சவமூர்த்தி மாதிரி ஆகிவிட்டார்கள்.

சரி, மதிப்பெண்? பிளஸ் டூ முடிவு வரும் நாளில் பேப்பரைப் பாருங்கள். பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி, ஆண்கள் பள்ளி என்று தேர்ச்சியைப் பிரித்துப் போடுவார்கள். சமீப வருடங்களில் மூன்றில் கடைசியாக வருவது ஆண்கள் பள்ளிகள்தான். பள்ளி வகையை விட்டுவிட்டு எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலும் பையன்கள் பின்னால்தான்: 2024-ல் மாணவிகள் 96.44 விழுக்காடு, மாணவர்கள் 92.37. இதை வைத்து ஆண்கள் பள்ளி மோசம் என்று முடிவு கட்டவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கொஞ்சம் காசு புழங்கும் வீடுகளில் பையனைக் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளியில் போட்டுவிடுவார்கள். அப்படிப் போடக் கடனும் கிடைக்காத வீட்டுப் பையன்கள்தான் அரசு ஆண்கள் பள்ளிக்கு வருவார்கள். சாயங்காலம் மெக்கானிக் கடைக்குப் போகிறவன், விடியற்காலையில் பேப்பர் போடுகிறவன், இவர்களுடைய தேர்ச்சியைப் பள்ளியின் சுவரைப் பார்த்து அளந்தால் எப்படி?

எங்கே சரியாக ஒப்பிட முடியும் என்றால் தென்கொரியாவின் சியோலில். அங்கே 1974-லிருந்து, எந்தப் பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை அந்தந்த வட்டாரத்துக்குள் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பணக்காரன், கெட்டிக்காரன் என்று பொறுக்கியெடுக்க வழியில்லை. அந்தத் தரவை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், ஆண்கள் பள்ளியில் விழுந்த பையன்கள் இருபாலர் பள்ளியில் விழுந்தவர்களைவிடக் கொரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். நான்கு வருடக் கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். உடனே சந்தோஷப்பட வேண்டாம். அதற்கு அடுத்த வருடமே 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர்கள், ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் பெரிதாக எந்த லாபமும் தெரியவில்லை என்று எழுதினார்கள். ஆக மதிப்பெண்ணுக்காக என்றாலும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

அப்படியானால் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதை உங்கள் சொந்தக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

எட்டாவது வரை நான் படித்தது எங்கள் கிராமத்து நடுநிலைப் பள்ளி. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். காலையில் பிரேயர் என்றால் மைக் முன்னால் மூன்று பெண்கள் நிற்பார்கள். இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். எட்டு வருடத்தில் ஆள்தான் மாறியது, பையன் யாரும் அங்கே நின்றதில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. பாடுவது அவர்கள் வேலை, கொடிக்கம்பத்தில் கயிறு இழுப்பது எங்கள் வேலை. அதேபோல் கோலம் அவர்கள், பெஞ்ச் தூக்குவது நாங்கள். சார்ட்டில் அழகாக எழுதுவது அவர்கள், அதை ஆணி அடித்து மாட்டுவது நாங்கள். எனக்குப் பாட வரும் என்பது எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை.

ஒன்பதாவது சேர்ந்த முதல் வாரம். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் அண்ணன்கள் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டார்கள். தமிழய்யா வகுப்புக்கு வந்து "யாருக்குடா பாட வரும்?" என்றார். ஐம்பது பேரும் மேசையைப் பார்த்தோம். அவர் வற்புறுத்தவில்லை. "சரி, பெஞ்ச் வரிசைப்படி. வாரத்துக்கு ஒரு பெஞ்ச். எவன் சிரிக்கிறானோ அவன் பெஞ்ச் அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் முதல் பெஞ்ச்.

குரல் உடைகிற வயது வேறு. எண்ணூறு பையன்கள் எதிரே. மூன்றாவது வரியில் என் குரல் கீச்சென்று மேலே போய், அங்கிருந்து விழுந்து, தவளை மாதிரி ஒரு சத்தத்தில் வந்து நின்றது. மைதானமே சிரித்தது. பி.டி. வாத்தியாரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், எனக்கு அந்தப் பள்ளி வேண்டாம் என்று அப்பாவிடம் அழுதேன். அவர் காரணம் கேட்டார். சொன்னேன். "பாட்டுதானே, பாடிட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் அவர் ஆறுதல்.

ஆனால் பாருங்கள், தமிழய்யா போட்ட விதி அப்படி. முதல் நாள் சிரித்த என் வகுப்புப் பையன்கள் எல்லோரும் ஒவ்வொரு வாரமாக மைக் முன்னால் வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் அதே தொண்டை, அதே கீச்சு. அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் சிரிக்க ஆளே இல்லை. பொங்கலுக்குப் பிறகு, எங்கள் வாரம் எப்போது வரும் என்று நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருந்தேன்.

ஆயுத பூஜைக்குக் கோலமும் நாங்கள்தான் போட்டோம். பள்ளி வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, மீசை முளைக்க ஆரம்பித்த நான்கு பேர் குந்தி உட்கார்ந்து, ஒருவன் அக்காவின் கோல நோட்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஒரு பக்கம் கோணல். தலைமையாசிரியர் அதைச் சுற்றிக்கொண்டு போனார், மிதிக்கவில்லை. பிளஸ் ஒன்னில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்தில் தங்கி, ஐம்பது பேருக்குச் சமையல். முதல் நாள் சோறு குழைந்து கூழாகிவிட்டது. இரண்டாம் நாள் அண்டாவில் கஞ்சி வடிக்கும்போது எனக்கும் இன்னொருவனுக்கும் கை வெந்தது. ஐந்தாம் நாள் நான் வைத்த சாம்பாரை அந்த ஊர்க்கார ஆயா ஒருவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் என் கணக்கு.

நான் சொல்ல வருவது இதுதான். பெண் பிள்ளைகள் இருந்திருந்தால் இவை எதுவும் என்னிடம் வந்திருக்காது. எல்லாம் அவர்கள் தலையில் விழுந்திருக்கும், நான் பெஞ்ச் தூக்கிக்கொண்டு இருந்திருப்பேன். தள்ளிவிட ஆள் இல்லாததால் நாங்களே செய்தோம்.

"அப்படியென்றால் இருபாலர் பள்ளியிலேயே பையனைக் கோலம் போடச் சொல்லலாமே, அதற்கு எதற்குத் தனிப் பள்ளி?" என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார். தாராளமாகச் சொல்லலாம். சொன்னால் ஆண்கள் பள்ளிக்குத் தேவையே இல்லை. சொல்கிறார்களா? என் மகள் படிப்பது இருபாலர் பள்ளி. போன வருட ஆண்டு விழாவில் வரவேற்புத் தட்டு ஏந்தி நின்ற எட்டுப் பேரும் பெண்கள். இன்னொரு கோஷ்டி, 2022 ஜூலையில் கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆண் பள்ளி, பெண் பள்ளி எல்லாவற்றையும் இருபாலர் பள்ளி ஆக்கச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த உத்தரவில் இருக்கும் நியாயம் எனக்கும் புரிகிறது. நான் ஆணாதிக்கத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. என் கதையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் கதை மட்டுமில்லை என்பதற்கும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை இத்தனை வருடமாகப் பின்தொடர்ந்து வரும் ஆய்வு ஒன்று உண்டு. ஆண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில், அதாவது அவர்கள் தாய்மொழியில், தங்களால் முடியும் என்ற நம்பிக்கை கூடுதலாக இருந்திருக்கிறது. பெண்கள் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கணக்கில் அதே கதை. இது "பொம்பளைப் பாடம்", அது "ஆம்பளைப் பாடம்" என்ற எண்ணம் அங்கே கொஞ்சம் தளர்கிறது. அதே ஆய்வில், ஆண்கள் பள்ளியில் படித்த ஆண்கள் 42 வயதுக்குள் விவாகரத்தாகவோ பிரிந்தோ இருப்பது சற்று அதிகம் என்றும் இருக்கிறது. எனக்கு 47. என் மனைவி இந்தத் தளத்துக்கு வருவதில்லை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 வினாடியில் பாட வேண்டும், இசைத்தட்டில் ஓடவிடாமல் வாயால் பாட வேண்டும் என்று அரசாணையிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் தினமும் காலை ஸ்பீக்கரில்தான் ஓடுகிறது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டு வாத்தியார் இருந்தால்தானே! என் மைத்துனர் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அதில் ஒருவர். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், ஆனால் பல வருடம் மே மாதம் வந்தால் சம்பளம் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு லீவு, வாத்தியார் வீட்டு அடுப்புக்குமா லீவு? அவர் கல்யாண மண்டபத்தில் மேடை அலங்காரம் செய்து சமாளிக்கிறார். சரி, விடுங்கள்.

இனி கெட்டதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் பொய்யன்.

முதலாவது சின்னது. 1995-ல் பொறியியல் கல்லூரி சேர்ந்தேன். முதல் செமஸ்டர் லேபில் எனக்கு ஜோடியாக ஒரு பெண். நான்கு மாதத்தில் நான் அவரிடம் பேசியது "ரீடிங் எழுதிக்கோங்க" மட்டும். அதையும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் வருடம்தான் சரியானது.

இரண்டாவது சின்னதில்லை. என் பெஞ்சில் இருந்த நண்பன் ஒருவன் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பாடுவான். நாங்கள் தவளை மாதிரி கத்தியபோதும் அவன் குரல் உடையவே இல்லை. மென்மையாகப் பேசுவான், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். தமிழய்யாவுக்கு அவன் என்றால் உயிர். காலையில் பிரேயரில் பள்ளியே அவன் பாட்டை மூச்சு விடாமல் கேட்கும். பதினொன்றரை மணி இன்டர்வெலில் கழிப்பறைச் சுவரில் அவன் பெயர் கரித்துண்டால் எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு படம், கீழே ஒரு வார்த்தை. பாட்டு, கோலம், சமையல் என்று நான் மேலே பெருமையடித்துக்கொண்டேனே, அதையெல்லாம் செய்த நாங்கள்தான் அதையும் எழுதினோம். எழுதியவன் நானில்லை. ஆனால் படித்துச் சிரித்திருக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் சுண்ணாம்பு அடிப்பார்கள், மறு வாரம் திரும்ப வந்துவிடும். வாத்தியார்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கு மட்டும் பெஞ்ச் வரிசை விதி ஒன்றையும் யாரும் போடவில்லை. பத்தாவது முடித்து அவன் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டான். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் 61 பேர் இருக்கிறோம். அவனை யாரும் சேர்க்கவில்லை, அவன் எண் யாரிடமும் இல்லை.

இருபாலர் பள்ளியாக இருந்திருந்தால் அவனுக்கு ஒரு பெஞ்ச் பெண்களாவது துணைக்கு இருந்திருப்பார்களா என்று சில நாள் தோன்றும்.

உங்கள் பையன் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் எழுதவில்லை. அட்மிஷனுக்குப் போகும்போது காலை பிரேயர் நேரத்துக்கே போய்விடுங்கள், மைக் முன்னால் பையன் நிற்கிறானா, ஸ்பீக்கர் பாடுகிறதா என்று பாருங்கள். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால், கேட்டுக்கொண்டு பிள்ளைகளின் கழிப்பறைக்கும் ஒரு நடை போய்ச் சுவரைப் படித்துவிட்டு வாருங்கள்.