தேர்வில் தேறுகிறார்கள், ஸ்டேஷனில் மாறிவிடுகிறார்கள்

கேள்வி: காவலர் பயிற்சிப் பள்ளியில் சட்டமும் விசாரணை முறையும் நடத்துகிறேன். எழுத்துத் தேர்வில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் ஸ்டேஷனுக்குப் போன சில மாதங்களிலேயே படித்ததற்கு நேர்மாறாக நடக்கிறார்கள் என்று காதில் விழுகிறது. பாடத்திட்டத்தில் எதை மாற்றலாம்?

பதில்: பாடத்திட்டத்தில் கை வைக்கும் முன் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் மாணவர் முதல் வாரம் யாருடன் ரோந்து போகிறார்? அந்த ஆளை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? பல இடங்களில் அன்றைக்குப் பணியில் இருக்கும் யாரோ ஒரு மூத்த காவலர்தான். "அங்க படிச்சதை எல்லாம் மூட்டை கட்டி வை, இங்க எப்படின்னு நான் சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் உங்கள் பல மாத வகுப்பு அத்தோடு முடிந்தது. புதியவரைக் குறை சொல்லவும் முடியாது. மதிப்பெண் போட்டவர் பள்ளியில் இருக்கிறார். ஆபத்தில் பக்கத்தில் நிற்கப்போகிறவர் இவர்தானே.

ஆகவே உங்கள் பிரச்சினையில் பாதி பள்ளிச் சுவருக்கு வெளியே இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே காவல் துறை 1970களின் தொடக்கத்தில் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தது. கூடப்போகும் மூத்தவரைப் பொறுக்கி எடுத்து, அவருக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்த பிறகே புதியவரை ஒப்படைப்பார்கள். புதியவர் எதைச் சரியாகச் செய்தார், எங்கே தடுமாறினார் என்று அந்த மூத்தவர் தினமும் எழுதி வைப்பார். புதியவர் ஒரே ஆளிடம் தங்கிவிடாமல் அடுத்தடுத்த பயிற்சியாளர்களிடம் மாறுவார். ஒருவருடைய கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த மாற்றம் முக்கியம். உங்கள் துறையில் இது இல்லையென்றால், கூடப்போகும் மூத்தவர்களுக்கு உங்கள் பள்ளியிலேயே சில நாள் வகுப்பு நடத்த அனுமதி கேளுங்கள். புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பதைவிட இது பலன் தரும் என்பது என் கணிப்பு.

விசாரணை முறைக்கு இங்கிலாந்தின் கதையைப் பாருங்கள். குண்டுவெடிப்பு வழக்குகளில் தவறாகத் தண்டிக்கப்பட்ட கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989லும் பர்மிங்ஹாம் அறுவர் 1991லும் விடுதலையானார்கள். மிரட்டி வாங்கிய வாக்குமூலங்கள் அவர்களைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்திருந்தன. 1990களின் தொடக்கத்தில் 'பீஸ்' (PEACE, ஐந்து படிகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற விசாரணை முறை வந்தது. முன்கூட்டித் திட்டமிடு, எதற்காகப் பேசுகிறோம் என்று விளக்கு, அவரை முழுதாகச் சொல்லவிட்டுப் பிறகு முரண்களைக் கேள், முறையாக முடி, நடந்ததை மதிப்பிடு. எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 2001இல் வெளிவந்த தேசிய மதிப்பீடு என்ன சொன்னது தெரியுமா? முன்னேற்றம் உண்டு, ஆனால் கற்ற பலவும் வேலையிடத்துக்கு வந்து சேரவில்லை. அங்கே மேற்பார்வை போதவில்லை. நீங்கள் கேட்பதும் இதுதான். விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு, "இந்த இடத்தில் ஏன் குறுக்கே பேசினாய்?" என்று கேட்க ஒருவர் ஸ்டேஷனில் இருந்தால்தான் கற்ற முறை பிழைக்கும்.

இனி உங்கள் வகுப்பு. கைது அதிகாரத்தை ஒரே வாரத்தில் நடத்தி முடித்துத் தேர்வு வைக்காதீர்கள். பயிற்சிக் காலம் முழுக்க அது வெவ்வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வரட்டும். எழுதிக் காட்டும் நினைவாற்றல் வேறு, எதிரில் ஒருவர் கத்தும்போது வேலை செய்யும் நினைவாற்றல் வேறு. அதனால் நடித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டும். பத்து நிமிடம் நடிப்பு என்றால் இருபது நிமிடம் அலசலுக்கு ஒதுக்குங்கள். நடிப்பவருக்குக் கிளைபிரியும் குறிப்பு கொடுங்கள்: மாணவர் அமைதியாகப் பேசினால் இவர் தணிய வேண்டும், அதட்டினால் ஏற வேண்டும். எல்லாக் காட்சியும் ஆயுதத்தில் போய் முடிந்தால் மாணவர் ஆயுதத்தையே எதிர்பார்க்கப் பழகிவிடுவார். சும்மா காத்திருப்பதுதான் சரியான விடை என்று வரும் காட்சிகளும் இருக்கட்டும்.

இதெல்லாம் வீண் வேலை என்று முனகும் மூத்தவர்களிடம் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தைச் சொல்லுங்கள். 2019இல் அங்கே பதற்றம் தணிக்கும் பயிற்சியைக் குழு குழுவாக, வெவ்வேறு நேரங்களில் கொடுத்து ஒப்பிட்டார்கள். பலப்பிரயோகம் 28 சதவீதமும் பொதுமக்களின் காயங்கள் 26 சதவீதமும் குறைந்தன. காவலர்களுக்கு ஏற்பட்ட காயங்கள் 36 சதவீதம் குறைந்தன. விவாதத்தில் கடைசி எண்ணை முதலில் வையுங்கள்.

பரேடு மைதானத்தையும் மறக்க வேண்டாம். காலையில் மைதானத்தில் அவமானப்படுத்தப்பட்டவருக்கு மதியம் மனித மரியாதை பற்றி வகுப்பெடுத்தால், அவர் எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு போவார்?

நார்வேயில் காவலர் கல்வி மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. நடுவில் வரும் இரண்டாம் ஆண்டு முழுக்கக் களத்தில். மூன்றாம் ஆண்டு மீண்டும் கல்லூரி. எல்லா நாட்டுக்கும் மூன்று ஆண்டு கட்டுப்படியாகாது, ஆனால் அந்தத் 'திரும்பி வருதல்' கட்டுப்படியாகும். ஆறு மாதம் கழித்து உங்கள் மாணவர்களைச் சில நாள் திரும்ப அழையுங்கள். ஆளுக்கொரு நிஜச் சம்பவத்தோடு வரச் சொல்லுங்கள். அதிகாரி யாரும் அந்த அறையில் உட்காரக் கூடாது, அங்கே பேசியது யாருடைய பணிப்பதிவிலும் ஏறக் கூடாது. இந்த இரண்டுக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.